ஜப்பான் பையனும் குமாரசாமியின் மீசையும்

போட்டோ ஸ்டூடியோவில் டச்சிங் வேலை பார்க்கிறவன் சீக்கிரமே தெரிந்துகொள்ளும் உண்மை ஒன்று உண்டு: படம் எடுக்க வருகிற யாரும் தன் முகத்தைக் கேட்டு வருவதில்லை.

நீங்களும் ஒரு தடவையாவது அந்த வட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, மோவாயைத் தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பல் தெரியாமல் சிரிக்கப் பார்த்திருப்பீர்கள். படம் கைக்கு வந்ததும் "இது நானா?" என்று கேட்டிருப்பீர்கள். கேட்ட உங்களுக்கும், பதில் தெரியாமல் மேஜைக்கு அந்தப் பக்கம் முழித்துக்கொண்டு நின்ற என்னைப் போன்றவர்களுக்கும் வலி ஒன்றுதான். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

பரமத்தி வேலூர் கடைவீதியில் இருந்தது எங்கள் ஸ்டூடியோ. முதலாளி தங்கவேல் அண்ணன் படம் எடுப்பார். என்னையும் முதலில் கேமராவுக்குப் பின்னால் நிறுத்திப் பார்த்தார். எனக்குக் குரல் மெது. தாத்தா வீட்டில் கதை கேட்டே வளர்ந்தவன். கேட்டுப் பழகிய அளவுக்குப் பேசிப் பழகவில்லை. நான் "ஆடாதீங்க" என்றால், "என்னங்க சொன்னீங்க?" என்று ஆட்கள் தலையை முன்னால் நீட்டுவார்கள். படத்தில் ஒருத்தருக்கு இரண்டு மூக்கு விழுந்துவிடும். அதற்குப் பிறகு அண்ணன் என் கையில் பென்சிலைக் கொடுத்து உள்ளறைக்கு அனுப்பிவிட்டார்.

வெளுத்த தலை

டச்சிங் மேஜை சாய்வாக இருக்கும். நடுவில் பால் கண்ணாடி. அதற்குக் கீழே முகம் பார்க்கிற கண்ணாடி ஒன்று, ஜன்னல் வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். நெகட்டிவை அதன்மேல் வைத்து, கொஞ்சம் மருந்து தடவி, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட வேண்டும். நெகட்டிவில் எல்லாம் தலைகீழ். வெள்ளை கறுப்பாக இருக்கும், கறுப்பு வெள்ளையாக இருக்கும். அம்மைத் தழும்பு, மரு, கண்ணுக்குக் கீழே விழுந்த கருவளையம் எல்லாம் அதில் வெளிச்சமாகத் தெரியும். பென்சிலால் அதை அடைத்துவிட்டால், படத்தில் கன்னம் வாழைத்தண்டு மாதிரி வந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்தக்கடை வைத்திருந்த ஒருவர், மாமனார் ஊருக்கு வந்த இடத்தில் எங்களிடம் படம் எடுத்தார். படம் தயாராகவில்லை என்றதும், இருக்கிறதைக் காட்டு என்று பிடிவாதமாக உள்ளே வந்து, ஜன்னலுக்கு நேராக நெகட்டிவைத் தூக்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டபடி சொன்னார்: "மொகங் கறுத்து, தல வெளுத்து, கண்ணு பஞ்சடைச்சு... யாவாரம் யாவாரம்னு ஓடுனா கடைசியில இப்பிடித்தான் ஆவேன்னு எங்கப்பாரு அன்னைக்கே சொன்னாருங்க!"

பெட்டிக்குள் வந்தவன்

தங்கவேல் அண்ணனின் மச்சினன் கப்பலில் வேலை பார்த்தார். அவர் ஜப்பானிலிருந்து அண்ணனுக்கு ஒரு லென்ஸ் வாங்கி அனுப்பினார். லென்ஸ் உடையாமல் இருக்க, பெட்டிக்குள் காகிதத்தைக் கசக்கித் திணித்திருந்தார்கள். அண்ணன் லென்ஸை எடுத்துக்கொண்டார். நான் காகிதத்தை எடுத்துக்கொண்டேன்.

அது படக்கதை. கட்டம் கட்டமாகப் படம், பக்கத்திலேயே பூச்சி ஊர்ந்த மாதிரி ஜப்பான் எழுத்து. கதை முழுக்க ஒரு பையன். அப்படி ஒரு பையனை நான் பார்த்ததே இல்லை. உடம்பு அகத்திக் குச்சி மாதிரி. மோவாய் வெற்றிலை நுனி மாதிரி. முடி நெற்றியில் வழிந்து ஒரு கண்ணை மறைக்கிறது. மறையாத கண் முகத்தில் பாதி இருக்கிறது. அந்தக் கண்ணுக்குள் நட்சத்திரம் மாதிரி வெளிச்சப் பொட்டு. மீசை கிடையாது, தாடி கிடையாது, அவை முளைக்கும் என்ற பயமும் கிடையாது. அவன் நிற்கும் இடமெல்லாம் பூ விழுகிறது, வீட்டுக்குள் நின்றாலும் விழுகிறது. காகிதங்களை இஸ்திரிப் பெட்டி வைத்துத் தேய்த்து, முன்கடை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பி வைத்தேன். அண்ணன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "பையனா பொம்பளப் புள்ளையான்னு தெரியல. ஆனா டச்சிங் பண்ணுனவன் பெரிய கை, தம்பி!"

காலர் பார்க்க வந்தவர்கள்

எங்கள் கடைக்கு எதிர்மாடியில் பெண்களுக்குத் தையல் வகுப்பு நடந்தது. பரீட்சைக்கு ஸ்டாம்பு சைஸ் படம் வேண்டும் என்று இரண்டு பெண்கள் வந்தார்கள். கண்ணாடிக்கு அடியில் அவனைப் பார்த்தார்கள். அடுத்த நாள் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். "காலர் கட்டிங் பாக்கறமுங்க" என்பார்கள். அவன் கழுத்தில் அடுக்கடுக்காக ஒரு காலர் இருந்தது வாஸ்தவம்தான். ஒரு பெண் நிஜமாகவே நாடாவை வைத்து அளந்தும் பார்த்தாள். ஆனால் காலரைப் பார்க்கிற கண் அப்படியா இருக்கும்? அவனுக்கு ராசா என்று பெயர் வைத்தார்கள். ராசாவுக்கு அம்மா இல்லை என்று ஒருத்தி முடிவு கட்டினாள். இருக்கிறாள், ஆனால் கொடுமைக்காரி என்றாள் இன்னொருத்தி. கதை தெரிந்தவன் என்று என்னைக் கூப்பிட்டு வழக்குத் தீர்க்கச் சொன்னார்கள். கட்டத்துக்குக் கட்டம் விரல் வைத்து நான் மெதுவாகச் சொல்வேன். மெதுவாகச் சொன்னதால் நெருங்கி நின்று கேட்டார்கள். என் குரலுக்கு வேலை கிடைத்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அவர்களில் மல்லிகா என்று ஒரு பெண். ராசிபுரத்துப் பக்கம் ஊர். தையல் படிக்க வேலூரில் அக்கா வீட்டில் தங்கியிருந்தாள். வாய் கத்தரிக்கோல். ஒரு நாள் தங்கவேல் அண்ணன் தன் முறுக்கு மீசையைத் தடவிக்கொண்டே, "ஏம் அம்மிணி, மீசையே இல்லாத இவனப் போயி இப்பிடிப் பாக்கறீங்களே, இவனெல்லாம் ஒரு ஆம்பளையா?" என்று கேட்டுவிட்டார். மல்லிகா காகிதத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. "மீசை இருந்தாத்தான் ஆம்பளைன்னா, கரப்பாம்பூச்சியத்தானுங்கண்ணா கட்டிக்கோணும்!"

அந்தப் பக்கம், இந்தப் பக்கம்

நாங்கள் படித்த கதை இது: மழையில் ஒரு பெண் அழுதுகொண்டே ஓடுகிறாள். ராசா மரத்தடியில் தனியாக நிற்கிறான். பிறகு இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள். கடைசியில் வாசலுக்கு வந்து அவளுக்குப் பூ கொடுக்கிறான். சுபம். இந்தச் சுபத்தைக் கேட்கவே பெண்கள் திரும்பத் திரும்ப வந்தார்கள்.

கப்பல் மச்சினன் விடுமுறையில் ஊருக்கு வந்தவர், நான் கதை சொல்வதை நின்று கேட்டார். கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஜப்பான்காரர்கள் புத்தகத்தை வலது பக்கத்திலிருந்து படிப்பார்களாம். அப்படிப் பார்த்தால் முதலில் பூ கொடுக்கிறான், பிறகு எதிரெதிரே நிற்கிறார்கள், பிறகு அவன் தனியாக நிற்கிறான், அவள் மழையில் அழுதுகொண்டே ஓடிப்போகிறாள். அதோடு சரி. பெண்கள் முகம் எல்லாம் வாடிவிட்டது. மல்லிகாதான் கண்ணாடியைத் தாவணி முனையால் ஒரு துடை துடைத்துவிட்டுச் சொன்னாள்: "அவிய அந்தப் பக்கமாப் படிச்சு அழுதுக்கட்டுமுங்க. நாங்க இந்தப் பக்கமாப் படிச்சுச் சந்தோசமா இருந்துக்கறோம்!"

கையால் வாயைப் பொத்தியவர்

மல்லிகா கரப்பான் பூச்சி என்று சொன்ன அன்றைக்குக் கடையில் இன்னொருவரும் இருந்தார். சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்து, கூட்டுறவுச் சங்கத்துக்குக் கொடுக்க எடுத்த படத்துக்காகக் காத்திருந்தார். பெயர் குமாரசாமி. ஜேடர்பாளையத்துப் பக்கம் ஊர். வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்தார். வேலூர் மண்டிக்கு வெற்றிலை கொண்டுவருவார். ஆள் பூனைக்குட்டி மாதிரி. ஆனால் மீசை புலி மீசை. படத்தில் பூனைக்குட்டி விழாது, புலிதான் விழும். பெண் கேட்டு அவர் படம் போன வீட்டுப் பெண்களெல்லாம் பயந்து வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். மல்லிகா பேசியதைக் கேட்டதும் ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டவர், அவள் படியிறங்கிப் போகும் வரைக்கும் கையை எடுக்கவே இல்லை.

பத்து நாள் கழித்து உள்ளறைக்கே வந்துவிட்டார். குலம் கோத்திரம் வரைக்கும் மல்லிகாவைப் பற்றி எல்லாம் விசாரித்திருந்தார். "கூட்டம் வேற கூட்டந்தானுங்க. கட்டிக்கற முறை. அவிய ஊட்டுலயும் மாப்பிள்ள பாக்கறாங்க. தரகர்கிட்டச் சொல்லிட்டேன். படம் ஒண்ணு குடுத்தனுப்போணும்" என்றார். அப்பா நல்லப்பக் கவுண்டர் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் செய்து கரூர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார், வருவதற்குள் நல்ல சேதி சொல்ல வேண்டும் என்றும் சொன்னார். பிறகு கதவைச் சாத்திவிட்டு, முன்கடைப் பக்கம் ஜாடை காட்டினார். அவர் கண் கலங்கியிருந்தது. "தம்பி, அந்த ஜப்பான்காரனாட்டம் ஆக்கி உட்டுருங்க. இந்த மீசைய எடுத்துருங்க. என்ற மொகத்துல இருந்து இல்லீங்க, போட்டோவுல இருந்து!"

ஒரு பகல் வேலை

மரு எடுப்பது கால் மணி வேலை. புலி மீசை எடுக்க ஒரு பகல் பிடித்தது. நெகட்டிவில் மீசை இருந்த இடம் வெறும் கண்ணாடியாக இருந்தது. அங்கே மேலுதட்டை நானாக உண்டாக்க வேண்டும். அவர் உதடு எப்படி இருக்கும் என்று அவருக்கே தெரியவில்லை. "மொளச்ச நாளா எடுத்ததே இல்லீங்க" என்றார். முன்கடைக்கு எழுந்துபோய் ராசாவின் உதட்டைப் பார்ப்பேன், வந்து தொடுவேன். மறுபடியும் போய்ப் பார்ப்பேன். கண்ணில் வெளிச்சப் பொட்டும் வேண்டும் என்றார், அதையும் வைத்தேன். கன்னத்தையும் கொஞ்சம் ஒடுக்கினேன்.

பிரிண்ட் போட்டதும், தட்டில் மருந்துத் தண்ணீருக்குள் மெல்ல மெல்ல ஒரு பையன் எழுந்து வந்தான். அழகாகத்தான் இருந்தான். குமாரசாமி படத்தைச் சட்டைப் பைக்குள் வைத்து, பையைக் கையால் பொத்தியபடி போனார். தங்கவேல் அண்ணன் வாசல் வரைக்கும் போய் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "பொண்ணூட்டுக்காரங்க மாப்பிள்ளயத் தேடி இவன் ஊருக்குப் போவாங்க. இவங்கிட்டயே வந்து, இந்தப் படத்துல இருக்கறவரு ஊடு எதுங்கன்னு வழி கேப்பாங்க, பாரு!"

துக்கம் கேட்க

அண்ணன் சொன்ன மாதிரி நடந்திருந்தால் பரவாயில்லை. நடந்ததை எனக்குத் தரகர் சொன்னார். சொல்லும்போது அவர் தலையில் கை வைத்திருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை மீசையை எடுத்தான் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்: அப்பனோ அம்மாவோ போய்விட்டார்கள். சில வீட்டில் மொட்டையும் அடிப்பார்கள், சில வீட்டில் மீசை மட்டும். படத்தைப் பார்த்ததும் மல்லிகா சரி என்று சொல்லிவிட்டாள். அவள் அக்கா உடனே படத்தை ராசிபுரத்துப் பக்கம் பெற்றவர்களுக்கு அனுப்பினாள். மல்லிகாவின் அப்பா பார்த்தார். மாப்பிள்ளையின் அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தரகர் சொன்னது ஞாபகம் வந்தது. மீசை இல்லாத மகனைப் பார்த்தார். கணக்கு முடிந்துவிட்டது. "அடப் பாவமே, சம்பந்தம் பேசற நேரத்துல போயிட்டாரே. நாளைக்கு ஒறவாகறவங்க, துக்கம் கேக்காம இருக்கலாமா?" என்று உறவுசனத்தைத் திரட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள்.

ஜேடர்பாளையத்துப் பக்கம் வீட்டு வாசலை மிதித்ததும் மல்லிகாவின் அத்தை தலைமுடியை அவிழ்த்து விட்டு, "கலியாணம் பேசற நேரத்துல கண்ண மூடிட்டீங்களே அண்ணா!" என்று ஆரம்பித்தார். மற்றப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து முந்தின வாரம்தான் திரும்பி வந்திருந்த நல்லப்பக் கவுண்டர், சத்தம் கேட்டுத் தொழுவத்திலிருந்து மாட்டுக்குப் போட எடுத்த ஒரு கத்தை சோளத்தட்டோடு வந்தார். அழுகிறவர்களைப் பார்த்ததும் அவருக்கும் முகம் சுருங்கிவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம் மெல்ல, "ஆருங்க தவறிட்டாங்க?" என்று கேட்டார். "இந்த ஊட்டுக் கவுண்டருங்க. நல்லப்பக் கவுண்டரு." அவர் தட்டுக் கத்தையைக் கீழே போட்டார். "அடடா, எனக்கு ஆருமே சொல்லலீங்களே!"

இரண்டும் போனது

அதற்குப் பிறகு என்ன, குமாரசாமியின் அம்மா சாமியாடாத குறை. உயிரோடு இருக்கிற மனுசனுக்கு வாசலில் ஒப்பாரி வைத்தவர்கள் வீட்டுப் பெண் என் வீட்டுக்கு வேண்டாம் என்றார். மல்லிகாவின் அப்பாவுக்கோ அதைவிடக் கோபம். அழுதது வீணாய்ப் போனது ஒரு பக்கம் இருக்க, கொடிக்காலிலிருந்து வந்து நின்ற குமாரசாமியின் முகத்தில் மீசை அப்படியே இருந்தது. கையில் படம், எதிரில் ஆள். "படத்துலயே ஏமாத்தறவன் பந்தல்ல என்ன பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டுக் கூட்டத்தோடு திரும்பிவிட்டார். சம்பந்தம் நின்றுவிட்டது.

மறு சந்தைக்கு வெற்றிலை கொண்டுவந்த குமாரசாமி எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். நான் டீ வாங்கிக் கொடுத்தேன். குடிக்கவில்லை. எதிர்மாடியில் தையல் மிஷின்கள் ஓடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் ஏதோ ஆறுதல் சொன்னேன். அந்தச் சத்தத்தில் என் குரல் அவருக்குக் கேட்கவில்லை. கடைசியில் அவரேதான் பேசினார். "இருக்க வேண்டாங்கற மீசை இருக்குது. வேணுங்கற புள்ள போயிருச்சு. என்ன டச்சிங் தம்பி இது?"

என்னைக் கொன்ன ஆள்

இரண்டு நாள் கழித்து ஒரு பெரியவர் தடியூன்றி மெதுவாகப் படியேறி வந்தார். வயிற்றை ஒரு கையால் தாங்கியிருந்தார். கடைக்குள் ஒரு சுற்றுப் பார்த்தார். "என்னையக் கொன்ன ஆளு எவுருங்க சாமி?" என்றார். தங்கவேல் அண்ணன் ஒரு வினாடிகூட யோசிக்காமல் என்னைக் கைகாட்டினார். நான் எழுந்து நின்றேன். "நீங்களா? கொலகாரனாட்டம் தெரியலையே, காத்தடிச்சா விழுந்துருவீங்களாட்டம் இருக்குதே" என்று சொல்லி, என் தோளைப் பிடித்தபடியே பெஞ்சில் உட்கார்ந்தார். மகன் சாப்பிடுவதில்லை, கொடிக்காலுக்குத் தண்ணீர் கட்டப் போனால் மடையைத் திறந்துவிட்டு மறந்துபோகிறான், அவனைக் கெடுத்த அந்த ஜப்பான்காரனைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். குனிந்து நிதானமாகப் பார்த்தார். "நல்ல அம்சமான பையந்தான். பாலு குடிச்சு வளந்தவனாட்டம் இருக்குது" என்றார்.

அந்த நேரம் பார்த்துத் தையல் வகுப்பு விட்டு மல்லிகா உள்ளே வந்தாள். அவர் யார் என்று நான் ஜாடை காட்டினேன். அவளுக்கு முகம் வெளுத்தாலும் ஓடவில்லை. "அம்மிணி, படத்துல இருக்கறவனப் புடிச்சுதா?" என்று கேட்டார் கவுண்டர். "புடிச்சுத்தானுங்க மாமா சரீன்னேன். அப்பறம் மீசை வெச்ச ஒருத்தரச் சொல்லி, இவருதான்னாங்க. அவர நான் பாத்ததே இல்லீங்களே." "ரெண்டும் ஒருத்தந்தான் சாமி." "அப்ப ஏனுங்க மறைக்கோணும்? நேரா வந்து நின்னிருந்தா நேராப் பாத்திருப்பேன்." கவுண்டர் தடியை உருட்டிக்கொண்டே கேட்டார். "மீசைய எடுத்துட்டு நேரா வந்து நின்னா பாக்கறியா?" "பாக்கறேனுங்க. ஆனா புடிக்கலைன்னா புடிக்கலைன்னுதான் சொல்லுவேன்."

தங்கவேல் அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. "கவுண்டரே, என்ன பேச்சுங்க இது! அப்பன் குத்துக்கல்லாட்டம் இருக்கையில மகன் மீசை எடுக்கறதா? ஊரு என்ன சொல்லும்?" என்றார். நல்லப்பக் கவுண்டர் சிரித்தார். சிரித்தால் தையல் போட்ட இடம் வலிக்கும் போலிருக்கிறது, வயிற்றைப் பிடித்துக்கொண்டே சிரித்தார். "நாஞ் செத்தா எப்பிடியும் எடுக்கத்தானுங்க போறான். அத நான் பாக்க முடியுங்களா? இப்பவே எடுக்கட்டும், பாத்துட்டுப் போறனுங்க!"

இருமல் சாட்சி

சலூன்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. குமாரசாமி நாற்காலியில் உட்கார்ந்து மீசையைக் காட்டினதும் கத்தியை மடித்துவிட்டார். அப்பா உயிரோடு இருக்கிறவனுக்கு எடுத்தால் பாவம் தன்னைச் சேரும் என்றார். கடைசியில் கவுண்டரே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். வேடிக்கை பார்க்க நானும் அண்ணனும் போயிருந்தோம்.

சலூன்காரர் சோப்பு நுரை போட்டு ஒரு இழுப்பு இழுப்பார். திரும்பிக் கவுண்டரைப் பார்ப்பார். இன்னொரு இழுப்பு, இன்னொரு பார்வை. கவுண்டருக்கோ ஆஸ்பத்திரிக் களைப்பு, கண்ணை மூடித் தலையைச் சாய்த்துவிட்டார். சலூன்காரர் கத்தியை அந்தரத்தில் நிறுத்திவிட்டார். பாதி மீசையோடு குமாரசாமி எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே! சலூன்காரர் கெஞ்சினார்: "கண்ண மூடாதீங்க கவுண்டரே! அப்பப்ப இருமிக்கிட்டே இருங்க, அப்பத்தான் எனக்குக் கத்தி ஓடும்!"

நேராக வந்து நின்றவர்

குமாரசாமி ஸ்டூடியோவுக்கு வந்தார். அக்காவைக் கூட்டிக்கொண்டு மல்லிகாவும் வந்தாள். உள்ளதைச் சொல்ல வேண்டும்: நான் வரைந்த உதடு வேறு, அவருக்கு இருந்த உதடு வேறு. மீசை இருந்த இடம் மட்டும் வெயிலே படாமல் வெள்ளையாக, கறுத்த முகத்தில் சுண்ணாம்பு தடவிய மாதிரி இருந்தது. முன்பல் ஒன்று கொஞ்சம் எட்டிப் பார்த்தது. என் பென்சிலுக்கு இது எதுவும் தெரிந்திருக்கவில்லை. குமாரசாமி கையை வாய்ப் பக்கம் கொண்டுபோனவர், பாதியில் நிறுத்திக் கீழே இறக்கிவிட்டார். நேராக நிற்க வேண்டும் என்று சொல்லியிருந்தாள் அல்லவா, நின்றார்.

மல்லிகா அவரைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அடியில் ராசாவைப் பார்த்தாள். மறுபடியும் அவரைப் பார்த்தாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. அவளைப் பார்த்து அக்கா சிரித்தாள், அக்காவைப் பார்த்து அண்ணன் சிரித்தார். குமாரசாமிக்கும் தாங்கவில்லை, உதட்டோரம் கோணி, அந்த ஒற்றைப் பல் வெளியே வர, காதுமடல் வரைக்கும் வெட்கப்பட்டுச் சிரித்தார். மல்லிகா சிரிப்பை நிறுத்திவிட்டாள். அக்கா பக்கம் திரும்பி, கடையிலிருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னாள்: "ராசா மொகமெல்லாம் இவருக்கு வராதுக்கா. ஆனா இந்த வெக்கத்த இத்தன நாளா மீசைக்குள்ள எதுக்கு ஒளிச்சு வெச்சிருந்தாராம்? சரீன்னு சொல்லிரு!"

உயிரோடு சம்பந்தம்

மல்லிகாவின் அப்பா லேசில் இறங்கவில்லை. குமாரசாமியின் அம்மாவும் இறங்கவில்லை. நல்லப்பக் கவுண்டர் அந்த அம்மாவை அதட்டி அடக்கிவிட்டு, வயிற்றுக்கட்டோடு பஸ் ஏறி ராசிபுரத்துப் பக்கம் போனாராம். வாசலில் நின்று குரல் கொடுத்ததும், ஒப்பாரி வைத்த அந்த அத்தைதான் கதவைத் திறந்திருக்கிறார். கவுண்டர் கும்பிட்டுச் சொன்னதை அந்த வீட்டில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். "அன்னைக்கு எனக்காக அத்தன தூரம் வந்து அழுதீங்களே, ஒரு வார்த்த நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தனுங்க!"

எந்த முகம்

கல்யாணம் பெண் வீட்டு ஊரில் நடந்தது. படம் நாங்கள்தான் எடுத்தோம். முகூர்த்தத்துக்குள் மீசை வளர்ந்துவிடும் என்று குமாரசாமியின் அம்மா கணக்குப் போட்டிருந்தார். மல்லிகா கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியதால் அன்று காலையும் மாப்பிள்ளை மழித்துக்கொண்டு வந்துவிட்டார்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அம்மா கடைக்கு வந்தார். மீசையில்லாத கல்யாணப் படத்தை வீட்டில் மாட்டினால் வருகிறவர்கள் எல்லாம் அழ ஆரம்பித்துவிடுவார்கள். பெரிசாக, புலி மாதிரி ஒன்று வரைந்து கொடுங்கள் என்றார். வரைந்தேன். இந்தத் தடவை பிரிண்டின் மேலேயே மை தொட்டு, முடி முடியாக. அவர் போன பிறகு மல்லிகா வந்து, பெட்டியில் வைத்துக்கொள்ள மீசையில்லாமல் ஒன்று வேண்டும் என்றாள். பல்லைத் தொடக் கூடாது என்றும் சொன்னாள். அதையும் போட்டுக் கொடுத்தேன். இரண்டையும் வாங்கிப் போக வந்தவர் குமாரசாமி. அன்றைக்கு அவர் முகத்தில் மீசையும் இல்லை, மீசை இல்லாமலும் இல்லை. ஒரு வார முள். இரண்டு படத்தையும் இரண்டு கையில் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். "தம்பி, இதுல எம்பட மொகம் எதுன்னு அம்மாவும் அவளும் பேசி முடிவு பண்ணட்டுமுங்க. அதுக்குத் தக்கன நான் வெச்சுக்கறேன்!"

ராசாவை வரைந்த ஜப்பான்காரர் என்னைவிடப் பெரிய கை என்பதில் சந்தேகமே இல்லை, ஆனாலும் அவர் வரைந்த முகத்துக்காக அப்பா, அம்மா, பெண்டாட்டி என்று ஒருத்தர் பின் ஒருத்தராக யாரும் அவர் கடைப் படி ஏறியிருக்க மாட்டார்கள்.